உலகத்தில் ஐநூற்றி இருபத்தைந்தாவது பிள்ளை

காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு எதிரே, பஸ் திரும்புகிற வளைவில், இரண்டு கமுகு மரங்களுக்கு நடுவே தர்மிளா சிரித்துக்கொண்டிருந்தாள். பேனரில்தான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பித்து, முகத்துக்கு இரண்டு கை வெள்ளை அடித்து, அவள் ஒருநாளும் தலையில் வைத்திராத கறுப்புத் தொப்பி ஒன்றையும் ஏற்றியிருந்தார்கள். மேலே ‘வாழ்த்துகிறோம்’. நடுவில் ‘சர்வதேசப் பரீட்சையில் உலகில் 525ஆம் இடம்’. அதற்குக் கீழே ‘லண்டன் செல்லும் எங்கள் தோட்டத்துச் செல்வி மு. தர்மிளா’. அடியில், அவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில், கேகாலையில் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் கிருஷ்ணகுமாரின் தொலைபேசி எண்.

அரநாயக்கப் பக்கத்து இறப்பர் தோட்டம் அது. கீழ்ப்பிரிவில் தொழிலாளர் இருக்கிற லயங்களில், அந்த வரிசை வீடுகளில், மொத்தம் எத்தனை பேர் உயர்தரப் பரீட்சை தாண்டினார்கள் என்று கேட்டால் விரல் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை கொழும்புக்குப் போய், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, இங்கிலீசில் ஒரு பரீட்சை எழுதிவிட்டு வந்தால் பேனர் கட்டாமல் என்ன செய்வார்கள்? கட்டியவர்களைத் திட்டவும் முடியாது. அன்பாகச் செய்த பிழை. அன்பாகச் செய்த பிழையைத் திருத்துகிற மாதிரிச் சள்ளை பிடித்த வேலை வேறொன்று கிடையாது.

அவள் உலகத்தில் ஐநூற்றி இருபத்தைந்தாவதாக வரவில்லை. ஐநூற்றி இருபத்தைந்து அவள் எடுத்த மார்க்.

நடந்தது இவ்வளவுதான். வெளிநாட்டு பிஸ்னஸ் ஸ்கூல்களில் எம்.பி.ஏ. படிக்க வேண்டுமானால் ஜீமேட் என்று ஒரு பரீட்சை கேட்பார்கள். எழுதி முடித்ததும் மார்க் திரையில் வந்துவிடும். தர்மிளா கோட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடி அப்பாவுக்குப் போன் போட்டு, “ஐநூத்தி இருவத்தஞ்சுப்பா” என்றாள். குரலில் உற்சாகம் இல்லை. அவள் எதிர்பார்த்தது அறுநூறுக்கு மேல். முத்துவீரன் அதைக் கவனிக்கவில்லை. எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று கேட்டார். உலகம் பூராவும் லட்சக்கணக்கில் எழுதுவார்கள் என்றாள். அதற்குள் ரயில் இரைச்சல் வந்து லைன் அறுந்துவிட்டது.

நம் நாட்டில் உயர்தர ரிசல்ட் வந்தால் மார்க்கை யார் கேட்கிறார்கள்? மாவட்டத்தில் எத்தனையாவது, ஐலண்டில் எத்தனையாவது என்றுதான் கேட்பார்கள். முத்துவீரனுக்குத் தெரிந்த பெரிய பரீட்சை அது ஒன்றுதான். லட்சக்கணக்கில் எழுதிய பரீட்சையில் ஐநூற்றி இருபத்தைந்து என்றால் அவருக்கு அது வேறு எதுவாக இருக்க முடியும்? தர்மிளா ரம்புக்கனையில் இறங்கி, மாவனல்லையில் பஸ் மாறி, இன்னொரு பஸ்ஸில் நனைந்துகொண்டு மேலே வந்து சேர்வதற்குள், அவர் பாயாசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் போய் வந்துவிட்டார். பால்வெட்டுக் கங்காணி, அதோடு கோயில் கமிட்டித் தலைவர். வாயும் பெரிது, மனசும் பெரிது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாசலில் கால் வைத்ததும் அப்பா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தாறு வயது மனிதர், முழங்கை வரை பால்கறை காய்ந்த கை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவள் வேலையால் திரும்பியபோது பேனர் கட்டியாயிற்று.

தர்மிளா மாவனல்லையில் ஸப்ரி முதலாளியின் வாசனைச் சரக்குக் கடையில் ஏழு வருசமாக வேலை. மிளகு, கராம்பு, சாதிக்காய். கிராமத்துப் பெண்கள் மூட்டையோடு வந்தால் அவர்களோடு சிங்களத்தில் விலை பேசுவாள். துபாய்க்காரனோடு இங்கிலீசில் பேசுவாள். முதலாளிக்குக் கோபம் வந்தால் அவரைத் தமிழில் சமாளிப்பாள். கடையில் இருந்துகொண்டே தபால்மூலம் டிகிரி முடித்தாள். மேலே படிக்க ஆசை. அதற்காக வருசக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள், வங்கிக் கடனுக்கும் பேசி வைத்திருந்தாள்.

இந்த மார்க்கை வைத்துக்கொண்டு அவளுக்கு மூன்று வழி இருந்தது. சிங்கப்பூரில் பெயர் போன பள்ளி ஒன்று. அதன் வாசலை மிதிக்க இன்னும் நூறு மார்க்காவது வேண்டும், திரும்பப் படித்துத் திரும்ப எழுத வேண்டும். லண்டனில் ஒரு பள்ளி. கிருஷ்ணகுமார் கையில் வைத்திருந்தது, பேனரில் ஏறியதும் அதுதான். அங்கே மார்க்கே கேட்கமாட்டார்கள், பாஸ்போர்ட் இருந்தால் போதும். மூன்றாவது வியட்நாமில். ஏற்றுமதிச் சரக்கு வியாபாரத்தைத் தனியாகக் கற்பிக்கிற சின்னப் பள்ளி. தங்களிடம் வருகிறவர்கள் ஏறத்தாழ இந்த மார்க்கில்தான் வருகிறார்கள் என்று ஒளிக்காமல் போட்டிருந்தார்கள். மார்க்கையும் பார்ப்போம், செய்த வேலையையும் கேட்போம் என்றார்கள்.

அவளுடைய மனசு மூன்றாவதில் போய்க் குந்திவிட்டது. கடைக்குப் பின்னால் மிளகு காயப்போடும் தட்டியருகே நின்று முதலாளியிடம்தான் முதலில் சொன்னாள். அவள் போவதே அவருக்குப் பிடிக்கவில்லை. வியட்நாம் என்றதும் மனிதர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார்.

“வியட்நாமா? எங்கட மிளகு வெலையக் கவுக்கிறதே அவங்கதானே மகள்!”

“அதுக்குத்தான் முதலாளி போறேன். எப்பிடிக் கவுக்குறாங்கன்னு அவங்க வீட்டுலயே குந்திப் பாத்துட்டு வாறேன்.”

ஸப்ரி முதலாளி திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். படிச்சிட்டு வேறு கடைக்குப் போகமாட்டாய்தானே என்று மட்டும் கேட்டார். வியாபாரி, வேறென்ன கேட்பார்?

கம்ப்யூட்டர் வழியாக நேர்முகம் நடந்தது. அந்தப் பள்ளி அம்மா நேராக மார்க்குக்கே வந்தாள். இது கொஞ்சம் குறைவு, திரும்ப எழுத யோசனை இல்லையா? தர்மிளாவுக்குக் காது சுட்டது. மூன்று மாதம் பஸ்ஸில் நின்றபடி படித்து எடுத்த மார்க் இது, எனக்கும் ஆசைப்பட்ட அளவுக்கு வரவில்லை, ஆனால் என்னுடையது, என்றாள். இன்னொரு வருசம் மார்க்குக்குப் பின்னால் ஓடுவதைவிட மிளகுக்குப் பின்னால் ஓடுவது எனக்கு லாபம் என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, கிராமத்துப் பெண்கள் ஈர மிளகு கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அதற்குப் பிறகு தர்மிளா மூச்சுவிடாமல் பேசினாள். அடுத்த வாரம் இடம் கிடைத்துவிட்டது.

கிடைத்த சந்தோசத்தை வைத்துக்கொள்ளத்தான் இடமில்லை. தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அந்த வெள்ளையடித்த முகம் மேலே இருந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. போதாக்குறைக்கு அடுத்த காம்பரா. வெள்ளையம்மாவின் மகள் தனுஜா மூன்று பாடமுள்ள உயர்தரத்தை இரண்டாம் தடவை எழுதக் காத்திருந்தாள். லயத்துச் சுவருக்கு என்ன பருமன்? பொழுது விடிந்தால் வெள்ளையம்மாவின் குரல் இந்தப் பக்கம் வந்துவிடும். அங்கே ஒருத்தி ஒலகத்தையே பிடிச்சிட்டா, நீ மூனு பாஸுக்கு மூக்கால அழுவுற என்று. ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தனுஜா குடத்தைத் தேய்த்தபடி சொன்னாள். “நான் கார்மெண்ட்ஸுக்குப் போறேன் அக்கா. ஒங்க மூளை எனக்கில்ல.” தர்மிளாவுக்குத் தன் பேரைச் சொல்லி ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த ஆடியில் மழை சும்மா ஊற்றியது. மண்சரிவு எச்சரிக்கை வந்து மேல் லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, நாட்கணக்கில் வேலையில்லை. கொஞ்சம் வெளித்த ஒரு காலை முத்துவீரனும் தர்மிளாவின் அம்மா மல்லிகாவும் மலைக்குப் போனார்கள். தர்மிளா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். அட்டை கடித்தது, தட்டிவிடக்கூட நிற்கவில்லை.

அப்பா சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வந்தார். விரலால் வழித்து, சிரட்டையைத் திரும்பக் கம்பியில் மாட்டி, அடுத்த மரம். அவள் கூடவே நடந்து சொல்லி முடித்தாள். அவர் இரண்டு மரத்தைத் தாண்டிப் போய்விட்டார், சிரட்டை நிறையப் பால் அப்படியே இருந்தது.

“அப்ப எத்தனையாவதுதான்?”

“எடமே இல்லப்பா அது. மார்க்கு. எண்ணூத்தஞ்சுக்கு எடுத்தது. நூறு பேரு நின்னா அறுவது பேரு எனக்கு முன்னால.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தாள். குரலே எழும்பவில்லை. திருவிழா முடியட்டும் என்றார். தேரன்றைக்கு மேடையில் அவளுக்குப் பொன்னாடை போடக் கமிட்டியில் முடிவாகிவிட்டது, நோட்டீசும் அடித்தாயிற்று. பேசாமல் லண்டனுக்கே போய்விடச் சொன்னார். அங்கே மார்க்கை யாரும் கேட்கமாட்டார்கள் என்று கிருஷ்ணகுமார் தம்பி சொன்னதாம், ஊருக்கும் தெரியவராதாம்.

“ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரு படிப்பாப்பா?”

“நீ பிளேன் ஏறிருவ புள்ள. நான் பெரட்டுல நிக்கணும்.”

உண்மைதானே. விடிந்தால் நூறு பேருக்கு முன்னால் நிற்கப் போவது அவர். ரொட்டிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கீழே மல்லிகா மரத்தடியில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. நிமிராமலே சொன்னாள். “மார்க்கு நீ எடுத்தது. பேனர் அவரு கட்டுனது. ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பிக்காத.”

அவ்வளவுதான் சொன்னாள். போய்ச் சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் கிருஷ்ணகுமார் வந்தான். நல்ல சட்டை, நல்ல சப்பாத்து, லயத்துச் சேறு மட்டும் அவனை விடவில்லை. அவனும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். அதனால்தான் எங்கே தட்டினால் எங்கே திறக்கும் என்று தெரியும். பேனரில் இருப்பது பிழை என்று அவனுக்கு முதல்நாளே தெரியும். அச்சடிக்கக் கொடுத்தவனே அவன்தான். தர்மிளா அதைக் கேட்டாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை. இப்போது இந்தப் பிரிவில் மட்டும் ஆறு பெற்றோர் தன்னோடு பேசியிருக்கிறார்கள், வெள்ளையம்மாக்காவும் அதில் ஒருத்தர், நல்லது நடக்கிற நேரத்தில் எதற்கு நம்பரைப் பிடித்துத் தொங்க வேண்டும் என்றான். வியட்நாம் என்று வெளியில் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள் என்றும் புத்தி சொன்னான்.

“சிரிச்சா சிரிக்கட்டுமுங்க” என்றாள் தர்மிளா. அவன் அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டான். அவளும் அப்போது ஒன்றும் முடிவு செய்திருக்கவில்லை. செய்திருந்தால் அன்றிரவு அம்மாவோடு உட்கார்ந்து நிம்மதியாகத் தேங்காய் துருவியிருப்பாள், கையைக் கீறிக்கொண்டிருக்கமாட்டாள்.

தேரன்று மத்தியானம் மழை விட்டது. கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை, அதில் மேடை. எல்லாப் பிரிவு ஆட்களும் வந்திருந்தார்கள். ஸப்ரி முதலாளிகூட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். முத்துவீரன் கமிட்டி நாற்காலியில், மடியில் பொன்னாடை. மகளை அவர் பார்க்கவேயில்லை. கிருஷ்ணகுமார் மைக்கைப் பிடித்தான். உலகில் ஐநூற்றி இருபத்தைந்தாம் இடம் என்று மூன்று தடவை சொன்னான், லண்டன் என்று எத்தனை தடவையோ. இந்தத் தோட்டத்திலிருந்து இன்னும் நூறு தர்மிளாக்களை அனுப்புவேன் என்றான். கைதட்டினார்கள். தனுஜா கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றாள். அவள் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்து, கால் விரலால் சேற்றைக் கீறிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும்தான் தர்மிளாவுக்குள் ஏதோ அறுந்தது. இரண்டு வார்த்தை பேசு என்று மைக்கைக் கொடுத்தார்கள். வாங்கினாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. பேனர்ல இருக்குறது பிழை. நான் ஒலகத்துல ஐநூத்தி இருவத்தஞ்சாவது இல்ல. அது என் மார்க்கு. எண்ணூத்தஞ்சுக்கு எடுத்தது. நடுத்தரம், அதுக்கும் கொஞ்சம் கீழ.”

கொட்டகையில் குழந்தை ஒன்று மட்டும் ஊதியை ஊதியது. மைக்கை இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அந்த மார்க்க யாருமே கேக்காத எடத்துக்கு நான் போகல. கேட்டு, பாத்து, சரி வான்னு சொன்ன எடத்துக்குப் போறேன். வியட்நாம். மிளகு யாவாரம் படிக்க. எனக்கு இந்த மார்க்குல வெக்கம் இல்லைங்க. மூனு பாஸுக்குப் படிக்கிற புள்ளைகள என்னைய வச்சு ஏசாதீங்க. நானும் அப்பிடித்தான் படிச்சேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ ‘வியட்நாமா?’ என்றார்கள். அங்கே இன்னும் சண்டைதானே என்று ஒருவர் கேட்க, அது முடிந்து எத்தனையோ காலம் என்று இன்னொருவர் விளக்கினார். கிருஷ்ணகுமார் மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். ஒலிபெருக்கிக்காரன் பயந்துபோய் அம்மன் பாட்டைப் போட்டுவிட்டான். முத்துவீரன் எழும்பினார். பொன்னாடையை மடித்தபடியே நாற்காலியில் வைத்தார். மேடையை விட்டு இறங்கி, நேரே போய்த் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். நேரம் ஆகவில்லை, பூசாரி வரவில்லை, ஆனாலும் வடத்தை விடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சு நின்றுவிட்டது. சோற்றைக் கேட்பார், தண்ணீர் கேட்பார், அதுவும் மல்லிகாவிடம். தர்மிளா வந்தால் எழும்பிப் போவார். அவள் அழுதாள். செய்தது பிழை என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆனாலும் அப்பாவின் முதுகைப் பார்க்கிறபோதெல்லாம் அழுகை வந்தது. பேனரைக் கழற்றிவிடச் சொல்லிப் பொடியன்களைக் கேட்டாள். தலைவர் சொல்லாமல் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். அவளே கழற்றலாம்தான். அந்தக் கமுகு மரத்தில் யார் ஏறுவது?

வெள்ளையம்மா மட்டும் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். கிருஷ்ணகுமாருக்குப் போன் எடுத்து, எங்க புள்ள இங்கேயே இன்னொருக்கா எழுதட்டும் என்று சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டு அவித்த பலாக்கொட்டை ஒரு கோப்பை நீட்டினாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அது.

அடுத்த திங்கட்கிழமை தர்மிளா முதல் பஸ்ஸுக்கு இறங்கினாள். பாஸ்போர்ட் வேலையாகக் கொழும்புக்குப் போகவேண்டும். மழை இல்லை, பனிமூட்டம். பெரட்டுக்கு ஆட்கள் கூடி நின்றார்கள். வழக்கம்போல வளைவில் தலையைக் குனிந்து நடந்தவள், எல்லாரும் மேலே பார்ப்பதைக் கண்டு தானும் பார்த்தாள்.

பேனரின் அடிப்பகுதி இல்லை. கிருஷ்ணகுமாரின் நம்பர் இருந்த துண்டைப் பால்வெட்டுக் கத்தியால், மரத்தில் வெட்டுகிற அதே சாய்வில், சுத்தமாக அறுத்து எடுத்திருந்தது. ‘உலகில்’ என்பதன்மேலும் ‘ஆம் இடம்’ என்பதன்மேலும் மரத்துக்கு அடையாளம் போடுகிற வெள்ளைப் பெயிண்ட். நடுவில் 525 மட்டும் தனியாக நின்றது. அதன் பக்கத்தில், தூரிகை பிடித்துப் பழக்கமில்லாத கையால், கோணல் மாணலாக: ‘805க்கு’. லண்டனை அடித்து மேலே ‘வியட்நாம்’. ஏணியை வைத்து ஏறியிருக்க வேண்டும். வேட்டியில் பெயிண்ட் சிந்தின மனிதர் ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் பெரட்டில் கைகட்டி நின்றார்.

மலையில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், வெளிக்களத்து ஐயா, மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பேனரை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் இதைக் கழற்றவில்லையா முத்துவீரன், வெட்கமாக இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். முத்துவீரனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. என்றாலும் பதிலைத் தமிழில்தான் சொன்னார், பெரட்டு முழுக்கக் கேட்கட்டும் என்று.

“எதுக்குங்க ஐயா வெக்கம்? எம் மவ எழுதி எடுத்த மார்க்குதானுங்க. கொழும்புல போயி நீங்களும் எழுதுங்க. அவள விட ஒரு மார்க்கு கூட எடுத்துட்டு வந்தீங்கன்னா, ஏணி வச்சு நானே கழட்டிர்றேன்.”

பெரட்டில் முதலில் சிரித்தது மல்லிகா.